தேய்மானம்

உங்கள் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது? பித்தளைத் தவலை, ஓடாத மிக்ஸி, பிள்ளைகள் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள்? எங்கள் காரைக்கால் வீட்டுப் பரணில் ஒரு படகு கிடந்தது.

நிஜப் படகு இல்லை. பெட்ரோலில் ஓடும் ரிமோட் படகு. நாலடி நீளம், 26 சி.சி. இன்ஜின். 2006-ல் பெரியப்பா பாரிஸிலிருந்து கொண்டுவந்தது. அங்கேயே அவர் அதைப் பழசாகத்தான் வாங்கியிருந்தார்.

காரைக்கால்காரர்களுக்கு இந்த மாதிரி பெரியப்பாக்களைப் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். ஆனால், ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் ‘சொல்தா’ ஆனார். தம்பி இங்கே மளிகைக் கடை வைத்தார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ரெண்டு தேசம்!

படகு வந்த வாரம் சென்னைக்குப் பெரியப்பாவின் போன். ‘‘ஞாயித்துக்கிழமை தண்ணியில விடுவோம்டா. வந்துடு.’’ அப்போது நான் புது நிருபர். லீவு கேட்கவே பயம். ‘‘அடுத்த தடவை பெரியப்பா’’ என்றேன். அடுத்த தடவை என் கல்யாண வேலை. அதற்கடுத்த தடவை தீபாவளி மலர் வேலை. 2019-ல் அவர் பாரிஸிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தக் கோடை லீவில் என் மகன் பரணில் ஏறி அதைக் கண்டுபிடித்தான். ‘‘ஓடுமாப்பா?’’ என்றான். நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகப்படி இதன் மதிப்பு பூஜ்யம் என்றேன். அவன் விடவில்லை. காரைக்கால்மேட்டில் படகு இன்ஜின் பார்க்கும் ஒரு பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

அவர் பார்த்த வரிசையை அப்படியே சொல்கிறேன். பழைய இன்ஜின் எது வாங்கினாலும் உங்களுக்கு உதவும்.

நான் ஆர்வமாகக் கயிற்றைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டார். ‘‘எடுத்த எடுப்புல இழுக்காதீங்க தம்பி. உள்ளே துரு இருந்தா பிஸ்டன் கீறிப்போயிடும்.’’ ப்ளக்கைக் கழற்றி, உள்ளே நாலு சொட்டு ஆயில் விட்டு, கையாலேயே மெல்லச் சுற்றினார். சுற்றியது. பிறகு ப்ளக்கை மாட்டி இழுத்துப் பார்த்தார். கயிறு கையைத் திருப்பி இழுத்தது. ‘‘கம்ப்ரஷன் இருக்கு. உசுரு இருக்கு.’’

அடுத்து, தண்ணீர்க் குழாய். இந்த இன்ஜின் சூடு ஆறுவது படகுக்கு அடியிலிருந்து ஏறும் தண்ணீரால்தான். வாயை வைத்து ஊதினார். காற்று போகவில்லை. குத்திப் பார்த்தால், குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது! அப்படியே ஓட்டியிருந்தால் சில நிமிஷத்தில் இன்ஜின் வெந்திருக்கும். புரொப்பல்லரைச் சுற்றும் கம்பிவடத்தை உருவினார். துருப்பிடித்திருந்தது. புதுசு வரவழைத்தேன். ரேடியோ பெட்டியில் பேட்டரி கசிந்து, பச்சை பூத்துக் கிடந்தது. அதையும் மாற்றினோம்.

கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. ‘‘இது புல் வெட்டுற மிஷின் ஜாதிதான் தம்பி’’ என்று, அந்தக் கடையிலேயே ஒரு செட் வாங்கிவரச் சொன்னார். பொருந்தியது.

கடைசியாக டாங்க். அடியில் வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக ஒட்டியிருந்தது. ‘‘பெட்ரோலை ஊத்தி வெச்சுட்டு, எடுக்காம விட்டுட்டாங்க. பெட்ரோல் ஆவியாப் போயி, பிசின் மட்டும் நின்னுபோச்சு. ஓடித் தேஞ்ச இன்ஜினைவிட இப்படி ஓடாமக் கெட்டதுதான் எங்கிட்ட நிறைய வருது.’’

எனக்குச் சுருக்கென்றது. டாங்க்கில் பெட்ரோலோடு எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். அப்படியென்றால், இது காரைக்கால் பெட்ரோல். ஊற்றியது பெரியப்பா.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவைக் கேட்டேன். ‘‘ஆமாம்ப்பா. அந்த ஞாயித்துக்கிழமை காலையில எண்ணெய் கலந்து ஊத்திவெச்சாரு. சாயங்காலம் வரைக்கும் திண்ணையிலதான் இருந்தாரு. நீங்களே கொண்டுபோயி விடுங்களேன்னேன். ‘அவன் வரட்டும்’னுட்டாரு.’’ நான் வரவில்லை என்று சொன்ன பிறகும், ஒருவேளை வந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்.

தேய்மானம் என்பது உபயோகிப்பதால் மட்டும் வருவதில்லை, சும்மா வைத்திருந்தாலும் காலத்தால் வரும். பி.காம். முதல் வருஷப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அரசலாற்று முகத்துவாரம் உப்புத் தண்ணீர், வேண்டாம் என்றார் பெரியவர். ஊருக்கு மேற்கே, குளிக்க யாரும் இறங்காத குளம் ஒன்றுக்குப் போனோம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 25-க்கு 1. ரிமோட்டை அணைத்தால் இன்ஜின் தானாக வேகம் குறைகிறதா என்று கரையிலேயே சோதித்தோம். சிக்னல் அறுந்த படகு யார் மேலும் பாயக் கூடாது இல்லையா? 1898-ல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் முதன்முதலாக ரேடியோவால் ஒரு படகை ஓட்டிக் காட்டிய கதையை மகனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை. படகு கிளம்பிவிட்டது.

என்ன சத்தம் தெரியுமா! பழைய ஆர்.எக்ஸ். 100 தண்ணீரில் போவது மாதிரி. மகன் குதித்தான். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். நான் ரிமோட்டை வாங்கவில்லை. வாங்க மனசு வரவில்லை.

வீடு திரும்பியதும் டாங்க்கைக் காலி செய்து துடைத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கூடவே இன்னொன்று. பெரியப்பாவோ, சித்தியோ, மாமாவோ யாராவது ‘ஞாயித்துக்கிழமை வந்துடு’ என்று கூப்பிட்டால், டக்கென்று ‘அடுத்த தடவை’ என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே யாராவது பெட்ரோல் ஊற்றி வைத்திருக்கலாம்.