சுவரில் தொங்கும் சான்றிதழ்

பெங்களூரு பீன்யாவில் பதினான்கு பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை. அதன் உரிமையாளர், சிறுதொழில் முனைவோருக்கான அரசின் இணையப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றில் அரைநாள் அமர்ந்து சான்றிதழ் பெற்றார். கடவுச்சொற்களை மாற்றினார், வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்கினார். சில மாதங்களில், வழக்கமாக உருக்குக் கம்பி அனுப்பும் வணிகரின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது: வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கே பணம் அனுப்பவும். அனுப்பினார். வணிகர் பாக்கி கேட்டு அழைத்தபோதுதான் மோசடி தெரிந்தது. 1930 உதவி எண்ணை அழைப்பதற்குள் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறியிருந்தது. அம்மாதச் சம்பளம் தள்ளிப்போயிற்று.

திட்ட அறிக்கையிலோ அவர் இன்றும் ‘பயன்பெற்றோர்’ எண்ணிக்கையில் ஒருவர்.

மதிப்பீட்டின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்பது செய்த வேலையின் கணக்கு; விளைந்த பயனின் கணக்கு அன்று. புகார்களின் எண்ணிக்கையும் நேரான அளவுகோல் அன்று. நல்ல பயிற்சி, இழப்பை மறைக்காமல் சொல்லும் துணிவைத் தரும். எனவே திட்டம் வெல்லும் இடத்திலேயே புகார்கள் பெருகக்கூடும். விதிகள் மாறினாலும் எண்ணிக்கை மாறும்: இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது ஓர் எடுத்துக்காட்டு.

பிரிட்டன் 2014இல் தொடங்கிய ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ சான்றிதழ்த் திட்டம் ஐந்து அடிப்படைக் கட்டுப்பாடுகளை வலியுறுத்துகிறது. அவற்றைக் கடைப்பிடிக்கும் நிறுவனங்களின் காப்பீட்டுக் கோரிக்கைகள் 92 விழுக்காடு குறைவு என்கிறது அந்நாட்டு அரசு. கவரும் எண்தான். ஆனால், தாமே முன்வந்து சான்றிதழ் பெறுபவர் முன்பே விழிப்பானவராக இருக்கலாம். அவரைக் காத்தது சான்றிதழா, இயல்பான எச்சரிக்கையா என்பதை அந்த எண் மட்டும் சொல்லிவிடாது.

அதை அறிய வழி உண்டு. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, இடம் கிடைத்தோரையும் காத்திருப்போரையும் ஓராண்டுக்குப் பின் ஒப்பிடலாம். அப்போது நினைவாற்றலை அன்று, செயலைச் சோதிக்க வேண்டும். காப்பு நகலிலிருந்து கணக்குகளை உண்மையிலேயே மீட்க முடிகிறதா? வங்கிக் கணக்கு மாறியதாக மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்கிறார்களா?

பீன்யா உரிமையாளருக்குத் தேவைப்பட்டது அந்த ஓர் அழைப்புதான். பயிற்சியின் முடிவில் அவர் நிரப்பிய படிவம் கேட்டதோ, உரைகள் பயனுள்ளவையாக இருந்தனவா என்று மட்டுமே. ‘ஆம்’ என்று எழுதியிருந்தார்.