பாதியில் நின்ற சரணம்

சங்கரநாராயணர் காட்சிக்காகக் கோமதியம்மன் தவமிருந்த ஊர் சங்கரன்கோவில். காத்திருப்பது இவ்வூராருக்குப் புதிதன்று. ஆயினும் 2019 ஆடித்தபசு நாட்களில் ஓரிரவு, பெயர்பெற்ற பாடகி வந்துசேரும்வரை மேடை வெறுமையாய்க் கிடக்கலாகாதென்று எம் மாணவி ஒருத்தியைப் பாட அமர்த்தினோம்.

அவளுக்கோ நடுக்கம். தைரியத்துக்காக ஒரு செய்தி சொன்னோம். 1920களில் மதுரை சேதுபதி பள்ளியில் சண்முகவடிவின் வீணைக் கச்சேரி. வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் தூக்கிவந்து, கைகழுவிவிட்டு, மேடையில் பாடவைத்தார்கள். கைதட்டல் எழுந்தபோதும் சிறுமியின் மனம் விட்டுவந்த விளையாட்டிலேயே இருந்ததாம். அச்சிறுமிதான் எம்.எஸ்.சுப்புலட்சுமி.

மாணவி சிரித்தாள், மேடையேறினாள். கூட்டம் இடம்பிடிப்பதில் முனைந்திருந்தது. ஒலிபெருக்கிக்காரர் நடுநடுவே கம்பிகளை இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பாட்டில், கண்மூடி அவள் சரணத்தைத் தொட்ட நேரம் பாடகியின் கார் வந்தது. கையசைத்து நிறுத்தச் சொன்னவர் வேறெவருமல்லர், நாமே.

அதன்பின் நடந்த கச்சேரியில் குறையேதுமில்லை. என்னென்ன பாடினார் என்பதுதான் இப்போது நினைவில்லை.

மறுநாள் புற்றுமண் பிரசாதத்தை நீட்டினோம். வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்:

"அந்த அம்மா பாடும்போது யாரும் பாதியில நிறுத்தச் சொன்னாங்களா ஐயா?"