ஆச்சியிடம் கேட்டுவிட்டு

"எனக்கு எதுக்கும்மா இனி? பேத்தி கல்யாணத்தையும் பாத்தாச்சு." சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களில் செவிலியாக வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கேட்ட பதில் இதுதான். பிரஷர் பார்க்கக் கையை நீட்டும் ஆச்சிகள், மார்பையும் பார்த்துவிடட்டுமா என்றதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள்.

30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையால் மார்பைச் சோதிக்க வேண்டும் என்கிறது நம் நாட்டின் அரசு வழிகாட்டுதல். மும்பை டாடா மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள் இருந்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் கையால் பார்த்ததிலேயே, 50 வயதைத் தொட்டவர்களிடம் மார்புப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கும் வயது 64க்குள்தான். எழுபதைத் தாண்டிய ஆச்சிக்கு என்ன சொல்வது?

ஆரம்பத்தில் எல்லோரிடமும் "பாத்துருங்க, நல்லதுதானே" என்பேன். அதை மாற்றியவர் எண்பதை நெருங்கிய ஓர் ஆச்சி. இதயம் பலவீனம், சிறுநீரகமும் பழுது. வெளியூர் மகன் முழு உடல் பரிசோதனையோடு, மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் எடுக்கக் கூட்டி வந்திருந்தார். டாக்டரும் நானும் மகனிடமே பேசிக்கொண்டிருந்தோம். ஆச்சி குறுக்கிட்டார்: "இருக்குன்னு தெரிஞ்சா என்ன செய்வீக?"

ஊசி போட்டுச் சதை எடுப்போம், பிறகு ஆபரேஷன் என்றார் டாக்டர். "அதை இந்த ஒடம்பு தாங்குமா?" தாங்காது என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். அறிகுறி இல்லாதவர்களிடம் மேமோகிராம் நோயைத் தேடிப் பிடிப்பதால், ஆயிரம் பேரில் ஓர் உயிர் மிஞ்சவே பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தப் பத்தாண்டு அவருக்கு இல்லை. அலைச்சலும் பயமும் மட்டும் உடனே வந்துவிடும். டாக்டர் பேனாவை மூடினார். நான் வெட்கப்பட்டேன், முதலில் அவரிடம்தானே கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பிள்ளைகளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஆச்சியின் எதிரே உட்கார்ந்து கேட்பேன். தனியாகக் கடைக்குப் போய் வருகிறீர்களா? மூச்சு வாங்குகிறதா? நோய் வந்தது தெரிந்தால் வைத்தியம் செய்துகொள்வீர்களா? பதில்களை அப்படியே டாக்டரிடம் சொல்வேன். எழுபத்திரண்டு வயதில் விடியுமுன் பூ மார்க்கெட்டுக்கு நடந்து போகும் ஒருவர், "இன்னும் பத்து வருசம் பூக்கட்டுவேன், பாத்துருங்க" என்றார். பார்த்தோம்.

இத்தனையும் அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கு. கட்டி கையில் தட்டுப்பட்டாலோ, காம்பு உள்ளிழுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ வயதுக் கணக்கு கிடையாது. சங்கரன்கோவில் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் மறைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மண்ணைப் பூசுங்கள், அம்மனைக் கும்பிடுங்கள். அந்த வாரமே எங்களிடமும் வாருங்கள் என்பேன். ஆபரேஷன் தாங்காத முதியவர்களில் பலருக்கு, ஹார்மோனால் வளரும் வகைக் கட்டியாக இருந்தால், தினம் ஒரு மாத்திரையிலேயே அடக்கி வைக்க முடிகிறது. இதைச் சொன்னதும் முந்தானையைத் தளர்த்தியவர்கள் உண்டு.

உங்கள் வீட்டு ஆச்சியிடம் இன்று தனியாக உட்கார்ந்து, மாரில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேளுங்கள். உங்கள் முன்னால் சொல்லத் தயங்கினால், செவிலியிடம் கூட்டி வந்து விட்டுவிட்டு வெளியே காத்திருங்கள்.