நூற்பாவும் உரையும்

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் ஓரிடத்தில் சில குடும்பங்களாகத் திரண்டதும் எழும் கவலை, குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி எவ்வாறு கிட்டும் என்பதே. அதன்பொருட்டு அரசுக்கு விண்ணப்பம் எழுதுகிறோம். “அரசியலமைப்பே இதனை வழங்கியுள்ளது” என்று மட்டும் கூறுவது, கதவெண்ணும் தெருவும் இல்லாத கடிதம் போன்றது, சேருமிடம் சேராது.

நமக்குரிய சான்று, அரசியலமைப்பின் 350ஏ உறுப்பு. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தச் சட்டம் அதனைச் சேர்த்தது. சட்டத்தைச் சுட்டுங்கால் அதன் பெயர், ஆண்டு, உறுப்பெண் ஆகிய மூன்றும் வேண்டும். சொல்லும் பிறழலாகாது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழிவழிக் கற்பிக்கப் போதிய வசதி செய்ய மாநில அரசும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்பதே அவ்வுறுப்பின் கருத்து. “முயல வேண்டும்” என்பதைத் “தந்தே தீர வேண்டும்” என எழுதுவது மேற்கோளன்று, விருப்பம். அலுவலர் மூலத்தைப் புரட்டிப் பார்த்தால், நம் நியாயமான கோரிக்கையும் ஐயத்திற்கு உள்ளாகும்.

இவ்வுறுப்பு ஏன் பிறந்தது எனக் காட்டவும் ஏடுகள் உள. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கை, இத்தகைய பாதுகாப்பைப் பரிந்துரைத்தது; அதனை ஆண்டும் பத்தி எண்ணும் இட்டுக் காட்டுக. மசோதாவின் நோக்க விளக்கத்தை மசோதாவின் எண்ணோடும் ஆண்டோடும் குறிக்க. அவையில் நிகழ்ந்த உரையாயின் அவையின் பெயர், பேசியவர், நாள், தொகுதி, பக்கம் ஆகியவை வேண்டும்.

ஆயினும் இவை அனைத்தும் ஒரே எடையின அல்ல. நூற்பா வேறு, உரை வேறு என்பதைத் தொல்காப்பியம் பயின்ற நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இளம்பூரணர் உரை எத்துணைச் சிறப்புடையதாயினும் அது நூற்பா ஆகிவிடாது. ஏ. கே. கோபாலன் வழக்கில் (1950) உச்சநீதிமன்றம், அரசியல் நிர்ணய சபையில் தனி உறுப்பினர் ஆற்றிய உரைகளைக்கொண்டு சட்டத்தின் பொருளை முடிவுசெய்ய இசையவில்லை. பின்னர் 1992இல், இந்திரா சாஹ்னி வழக்கில், அம்பேத்கர் அச்சபையில் ஆற்றிய உரையை நீதிபதிகள் எடுத்தாண்டனர். எனவே அவையுரை பின்னணியை விளக்கும் ஒளியாகலாம். சட்டத்தின் இடத்தில் அமரலாகாது.

ஆதலின் விண்ணப்பத்தில் உறுப்பு முதலில் நிற்கட்டும். அறிக்கையும் நோக்க விளக்கமும் அடுத்து வரட்டும். உரை இறுதியில் அமையட்டும். படிப்பவர் அதே ஏட்டை எடுத்து, அதே பக்கத்தைத் திறந்து, அதே சொல்லைக் காண வேண்டும். நம் பிள்ளைகளின் வகுப்பறைக்காக எழுதும் விண்ணப்பத்திற்கு இவ்வுழைப்பு மிகையன்று.