"எப்போ முடிப்பே?" என்று கேட்காதீர்கள்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். 1994-இல் பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். அவருடைய மகளுக்கு அமெரிக்காவில் நியூரோசயின்ஸ் பிஎச்.டி. படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். "டீச்சர், அஞ்சு வருஷத்துல முடிச்சிடுவாள்ல? அதை வச்சுத்தான் கல்யாணப் பேச்சை எடுக்கணும்" என்றார். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதே கேள்வியை வாராவாரம் கேட்டு, என் தம்பி மகள் எனக்கு போன் எடுப்பதையே நிறுத்திய கதை இருக்கிறது. அவளிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

2017 ஆகஸ்டில் அவள் அங்கே போனாள். நியூரான் படம் வரைந்து ஆக்சான், டெண்ட்ரைட் என்று பாகம் குறிக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பெருமை தாங்கவில்லை. 32 வருடம் பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போட்ட கை சும்மா இருக்குமா? ஒரு சார்ட் பேப்பரில் ஐந்து கட்டம் போட்டேன். வீடியோ காலில் அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வருடத்துக்கும் எழுதினேன். காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

அந்தச் சார்ட்டில் இருந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். பொதுவான போக்கு இதுதான்.

முதல் வருடம் பாடங்களும் 'ரொட்டேஷனும்'. நரம்பு செல் எப்படி வேலை செய்கிறது, மூளையின் அமைப்பு, பார்வை, நினைவு போன்றவற்றின் இயக்கம், புள்ளியியல், ஆராய்ச்சி நெறிமுறை என்று பாடங்கள் இருக்கும். கூடவே இரண்டு மூன்று ஆய்வகங்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மாதம் வேலை பார்க்க வேண்டும். பெண் பார்க்கிற மாதிரிதான், ஆனால் இரு தரப்பும் சேர்ந்து வேலை செய்து பார்த்து முடிவு எடுக்கிறார்கள். வருடக் கடைசியில் ஒரு ஆய்வகத்தில் சேர வேண்டும்.

இரண்டாம் வருடம் மீதிப் பாடங்கள், பல இடங்களில் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கும் கடமை, பிறகு தகுதித் தேர்வு. அதைக் 'குவால்ஸ்' என்பார்கள். பெரும்பாலும் ஓர் ஆராய்ச்சித் திட்டம் எழுதிக் கொடுத்து, நாலைந்து பேராசிரியர்கள் முன் நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். தேறினால்தான் 'கேண்டிடேட்'.

மூன்றாம் வருடம் முதல் முழுக்க ஆய்வு. ஆலோசனைக் கமிட்டியை வருடத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும். கட்டுரை வெளியிட வேண்டும். கடைசியில் ஆய்வேடு, அதை எல்லோர் முன்னும் நின்று காத்துப் பேசும் 'டிஃபென்ஸ்'.

இதை ஐந்து கட்டத்துக்குள் அடக்கினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்பேன்: "இது முடிஞ்சுதா? டிக் அடிச்சிடவா?"

2019 கோடையில் குவால்ஸ். அன்றைக்கு அவள் போன் வரவில்லை. மறுநாள் "நல்லா போச்சு அத்தை" என்றாள். நான் டிக் அடித்து, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி, கோயிலில் அர்ச்சனையும் செய்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் போன் எடுப்பது குறைந்தது. அப்புறம் நின்றே போனது. இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் நடு இரவில் அழைத்தாள். "அத்தை, நான் ஃபெயில். அந்த டிக்கை அழிச்சிடுங்க."

எனக்கு நெஞ்சு பதறியது தேர்வுக்காக அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்குப் பயந்து ஒளிந்துகொண்ட எத்தனையோ பிள்ளைகளைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னவள் நான். என் வீட்டுப் பிள்ளையை அப்படி ஒளிய வைத்ததும் நானே.

ஏன் தவறியது என்று பிறகு பொறுமையாகச் சொன்னாள். அவள் திட்டத்தில் மூன்று சோதனைகள். முதலாவது பலித்தால்தான் இரண்டாவது, இரண்டாவது பலித்தால்தான் மூன்றாவது. "முதல் சோதனை பலிக்காவிட்டால் மிச்ச நான்கு வருடம் என்ன செய்வாய்?" என்று கேட்டார்களாம். அவளிடம் பதில் இல்லை. அடுத்த வாய்ப்பில், ஒன்று போனாலும் மற்றது நிற்கும்படி திட்டத்தை மாற்றி எழுதித் தேறினாள். நான் என் சார்ட்டைப் பார்த்தேன். அதிலும் அதே தப்பு. ஒரு கட்டம் தவறினால் அடுத்த கட்டத்துக்கு வழியே இல்லை.

இதற்கு மேல் எலிகள். அவள் ஆராய்ச்சிக்குக் குறிப்பிட்ட மரபணு அமைப்புள்ள எலிகள் வேண்டும். எலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள். குட்டி வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஆறு முதல் எட்டு வாரம். இரண்டு தலைமுறை கலந்து எடுத்து, சோதனைக்கு ஆளாக்க ஏறக்குறைய அரை வருடம். 2020 மார்ச்சில் ஆய்வகங்கள் மூடியபோது பல இடங்களில் எலிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அவளுடைய எலிகளும் போயின. திரும்ப முதலிலிருந்து. இதில் அவள் சோம்பல் எங்கே இருக்கிறது?

2023-இல் டிஃபென்ஸ். ஆறு வருடம். ஜூமில் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பாதி புரியவில்லை. கடைசியில் நன்றி சொல்லும்போது, "போன் எடுக்காதபோதும் விடாமல் அழைத்த அத்தைக்கு" என்றாள். எனக்குக் கூசியது.

இப்போது அந்த மாணவரின் மகளுக்கு, அவளிடம் கேட்டு நான் எழுதியவை:

1. புள்ளியியலும் கணினி நிரல் எழுதுவதும் முதல் வருடத்திலேயே படித்துவிடு. என் தம்பி மகள் தள்ளிப் போட்டு, மூன்றாம் வருடம் கஷ்டப்பட்டாள்.

2. ரொட்டேஷனில் பேராசிரியரின் புகழை மட்டும் பார்க்காதே. அங்கே ஏற்கெனவே படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசு. அவரிடம் படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள்.

3. விலங்குகளை வைத்து ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்காகும் காலத்தையும் திட்டத்தில் சேர்.

4. உதவித்தொகை அறிவிப்புகளில் தகுதியை முதலில் படி. என்.ஐ.எச். கொடுக்கும் எஃப்31 போன்றவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான்.

5. கமிட்டி கூட்டத்தைத் தள்ளிப் போடாதே. முடிவுகள் மோசமாக இருக்கும்போதுதான் அது அதிகம் தேவை.

6. பென்சிலால் திட்டம் போடு.

நம் நாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பாடங்களுக்குக் குறைந்தது 12 கிரெடிட், மொத்தக் காலம் மூன்று முதல் ஆறு வருடம், ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் கூடுதல் கால அவகாசமும் மகப்பேறு விடுப்பும் விதியிலேயே இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, பெற்றோருக்கும் அத்தை மாமாக்களுக்கும். அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு ஐந்தரை, ஆறு வருடம் என்பது சாதாரணம். பொதுவாகக் கட்டணம் கிடையாது, மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகையும் தருகிறார்கள். அது வேலைதான். "எப்போ முடிப்பே?" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் கேளுங்கள். கல்யாணப் பேச்சை அவளே எடுக்கட்டும்.

அந்தச் சார்ட் இன்னும் என் அறையில் இருக்கிறது. அழித்து எழுதிய இடம் தெரிகிறது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்