இரண்டாம் வரிசையை வளர்த்தவர்

1958 பிப்ரவரி 19 இரவு, ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஷெஃபீல்டு வெட்னஸ்டேயும் மோதின. எஃப்.ஏ. கோப்பையின் ஐந்தாம் சுற்று. அன்று ரசிகர்களுக்கு விற்ற ஆட்டக் கையேட்டில் ஷெஃபீல்டு அணியின் பதினொரு பெயர்கள் இருந்தன. யுனைடெட்டின் பதினொரு இடங்களும் வெறுமையாக விடப்பட்டிருந்தன. கையேடு அச்சேறியபோது யார் ஆடப்போகிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பதின்மூன்று நாள் முன்பு மியூனிக் விமான நிலையத்தில், பனிச்சேறு படிந்த ஓடுபாதையிலிருந்து மூன்றாம் முறையாக மேலெழும்ப முயன்ற விமானம் நொறுங்கிப்போயிருந்தது. அதில் இருந்தது அந்த அணி.

அந்தக் கையேட்டின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் இறந்தவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன். பிறகு நினைவு, அந்த இடங்களில் பெயர் எழுதியாக வேண்டிய மனிதரிடம் போய் நிற்கும். அவர் ஜிம்மி மர்ஃபி. வேல்ஸ்காரர். ஒருகாலத்தில் நல்ல ஆட்டக்காரர். அப்போது யுனைடெட்டின் துணை மேலாளர். பெரிய மேலாளர்களின் பட்டியலைச் சொல்லும்போது அவர் பெயர் அரிதாகவே வருகிறது. ஆனால் கோப்பைகளை அடுக்கி வைத்திருக்கும் பலர்மேல் இல்லாத மரியாதை எனக்கு அவர்மேல் உண்டு. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மர்ஃபி 1910 ஆகஸ்ட் 8 அன்று தெற்கு வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி ஊர் ஊராக மனிதர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. தந்தை அயர்லாந்துக்காரர், தாய் வேல்ஸ்காரர். சிறுவயதில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த பிள்ளை 1928இல் இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கிளப்பில் சேர்ந்தார். ஆடிய இடம் ஹாஃப் பேக். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதும், பறித்ததை முன்னால் நிற்பவனுக்குச் சுத்தமாகக் கொடுப்பதும் அந்த இடத்தின் வேலை. கோல் அடிப்பவன் வேறொருவன், கைதட்டலும் அவனுக்குத்தான். அந்த இடத்தில் நின்று வேல்ஸுக்காக 15 ஆட்டங்கள் ஆடினார், அணித்தலைவராகவும் இருந்தார். 1935இல் வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்திலும் ஆடினார். அன்றைக்கு அவருடைய அணி ஷெஃபீல்டு வெட்னஸ்டேயிடம் 4-2 என்று தோற்றது. 1939இல் ஸ்விண்டன் டவுனுக்கு மாறிய கொஞ்ச நாளில் போர் மூண்டது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது.

அடுத்த வாழ்க்கை தொடங்கியது இத்தாலியின் பாரி நகரத்தில். வட ஆப்பிரிக்கப் போர்முனையில் இருந்துவிட்டு வந்த மர்ஃபி, 1945இல் அங்கே படைவீரர்களைச் சுற்றி நிறுத்திக் கால்பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். யுனைடெட்டின் மேலாளராக நியமிக்கப்பட்டிருந்த மாட் பஸ்பி அதைத் தற்செயலாகக் கேட்டார். அந்தக் குரலில் இருந்த சூடு அவருக்குப் பிடித்துவிட்டது. என்னோடு மான்செஸ்டருக்கு வாருங்கள் என்று அழைத்தார். பஸ்பி தன் கிளப்புக்காகப் பிடித்த முதல் ஆள் ஓர் ஆட்டக்காரர் அல்ல, இந்தப் பேச்சுக்காரர்தான். அவர்கள் சேர்ந்து வேலையைத் தொடங்கியபோது கிளப்புக்குச் சொந்த மைதானம்கூட இல்லை. 1941இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் ஓல்டு டிராஃபோர்டு சிதைந்திருந்தது. 1949வரை பக்கத்துக் கிளப்பான மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில்தான் யுனைடெட் ஆடியது.

மர்ஃபியின் பொறுப்பில் வந்தது ரிசர்வ் அணி. அதைப் பார்த்துவிட்டு, முதல் அணிக்கு ஏற்றிவிடத் தக்கவர் இவர்களில் யாரும் இல்லை என்று பஸ்பியிடம் நேராகச் சொன்னார். அப்படியானால் பள்ளிப் பையன்களிலிருந்தே தொடங்குவோம் என்று இருவரும் முடிவெடுத்தார்கள். ஊர் ஊராகத் தேடிப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். எஃப்.ஏ. இளையோர் கோப்பை 1953இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் 1957வரை ஐந்து முறையும் அது மர்ஃபியின் பிள்ளைகளிடமே வந்தது. டங்கன் எட்வர்ட்ஸ், எடி கோல்மன், டேவிட் பெக், பாபி சார்ல்டன் எல்லோரும் அந்தத் திடலில் வளர்ந்தவர்கள். முதல் அணி 1956இலும் 1957இலும் லீக் பட்டத்தை வென்றபோது உலகம் அவர்களுக்கு 'பஸ்பியின் பிள்ளைகள்' என்று பெயர் வைத்தது. பெயர் அப்படித்தான் நிலைத்தது. தன் பெயர் அதில் இல்லையே என்று மர்ஃபி குறைப்பட்டதாக எங்கும் படித்ததில்லை.

அவர் பயிற்சி தந்த விதத்தைப் பற்றிப் படிப்பதில் எனக்குத் தீராத விருப்பம். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் ஒரு பையனை மட்டும் நிறுத்திவைத்துக்கொள்வார். ஒரே பாஸ், ஒரே உதை, மறுபடியும், மறுபடியும். கத்துவார், திட்டுவார்; முடிந்ததும் தோளில் கைபோட்டு அழைத்துப் போவார். இயல்பாகவே அபாரத் திறமை கொண்டிருந்த சார்ல்டன், பக்கத்தில் நிற்பவனுக்கு எளிமையாகப் பந்தைக் கொடுப்பதன் அருமையை அங்கேதான் கற்றார். தன் ஆட்டத்தில் உள்ள நல்லதெல்லாம் மர்ஃபி தந்தது என்று உலகக் கோப்பை வென்ற பின்பும் அவர் சொல்லிவந்தார். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பதைச் சலிப்பூட்டும் வேலை என்கிறோம். பிள்ளைக்குக் கைகூடும்வரை கூடவே நிற்பதற்கு எவ்வளவு பிரியம் வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

1956இல் வேல்ஸ் தேசிய அணியின் மேலாளர் பொறுப்பும் அவருக்கு வந்தது. யுனைடெட் வேலையோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டார். இங்கிலாந்துக்கு எதிரான ஓர் ஆட்டத்துக்கு முன்னால் எதிரணி ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்து, எப்படி மடக்குவது என்று விளக்கினாராம். எட்வர்ட்ஸைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வேல்ஸ் ஆட்டக்காரர் ரெக் டேவிஸ் அதைக் கேட்டபோது, அவன் வழியில் போகாதே என்பதுதான் பதிலாக வந்ததாம். தான் வளர்த்த பிள்ளையின் ஆட்டத்தில் ஒரு குறையும் அவருக்குத் தெரியவில்லை. சிரிப்புக்காகச் சொல்லப்படும் கதை இது. எட்வர்ட்ஸ் 21 வயதில் போய்விட்டதை நினைத்தால் என்னால் இதைச் சிரித்தபடி படிக்க முடிவதில்லை.

வேல்ஸ் அணிதான் அவர் உயிரைக் காத்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வேல்ஸ் தன் பிரிவில் இரண்டாம் இடம்தான் பெற்றிருந்தது. இன்னொரு பக்கம், இஸ்ரேலோடு ஆட வேண்டிய அணிகளெல்லாம் ஒவ்வொன்றாக மறுத்து விலகிவிட்டன. ஆடாமலே ஓர் அணி தகுதி பெறக் கூடாது என்று, இரண்டாம் இடம் பெற்றவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கியதில் வேல்ஸுக்கு வாய்ப்பு வந்தது. முதல் ஆட்டத்தை 2-0 என்று வென்று, இரண்டாம் ஆட்டத்தை 1958 பிப்ரவரி 5 அன்று கார்டிஃபில் அதே கணக்கில் வென்றார்கள். அதே நாளில் பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 என்று சமன் செய்து யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிக்குள் நுழைந்தது. வழக்கமாக பஸ்பிக்குப் பக்கத்தில் மர்ஃபி உட்காரும் இருக்கையில் அந்தப் பயணத்தில் பெர்ட் வாலி என்ற பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கார்டிஃபிலிருந்து ரயிலில் மான்செஸ்டர் வந்து, டாக்சி பிடித்து மைதானத்துக்கு வந்த மர்ஃபியிடம் பஸ்பியின் செயலாளர் அல்மா ஜார்ஜ்தான் செய்தியைச் சொன்னார். சொன்னது மனத்தில் ஏறவே அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு தன் அறைக்குள் போய் அழுதார். மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு ஆட்டக்காரர்கள், எட்டுப் பத்திரிகையாளர்கள், கிளப்பின் ஊழியர்கள் மூவர். வாலியும் அந்த மூவரில் ஒருவர். மறுநாள் மர்ஃபி மியூனிக் போனார். ஆக்சிஜன் கூடாரத்துக்குள் கிடந்த பஸ்பி, கொடியைக் கீழே விடாதே என்று கேட்டுக்கொண்டார். எட்வர்ட்ஸோ அந்த நிலையிலும் சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாராம். பதினைந்து நாள் போராடி பிப்ரவரி 21 அன்று அவர் இறந்தார். உயிர் தப்பிய ஹாரி கிரெக், பில் ஃபோல்க்ஸ் இருவரையும் கூட்டிக்கொண்டு மர்ஃபி ரயிலிலும் கப்பலிலுமாக ஊர் திரும்பினார்.

சாவு வீட்டில் எல்லோரும் அழும்போது ஒருவர் மட்டும் பந்தலுக்கும் பாடைக்கும் ஓடிக்கொண்டிருப்பார். அவருக்கு அழக் கிடைக்கும் நேரம் பிறகுதான், யாரும் பார்க்காத வேளையில். என் குடும்பத்திலும் அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று மாதங்களில் மர்ஃபி இருந்த நிலையை அதை வைத்தே புரிந்துகொள்கிறேன். சவப்பெட்டிகள் வந்து ஓல்டு டிராஃபோர்டின் உடற்பயிற்சிக் கூடத்தில் வைக்கப்பட்டன. இறுதி ஊர்வலங்கள் நாள்தோறும் நடந்தன. அந்தத் துக்கத்துக்கு நடுவில் பிள்ளைகளால் பயிற்சி எடுக்க முடியாது என்று அவர்களை பிளாக்பூல் கடற்கரை விடுதிக்கு அழைத்துப்போனார். பிளாக்பூல் கிளப்பிலிருந்து எர்னி டெய்லரை வாங்கினார். ஆஸ்டன் வில்லாவிலிருந்து ஸ்டான் கிரௌதரைச் சேர்த்த கையெழுத்து, ஷெஃபீல்டு ஆட்டம் தொடங்கச் சுமார் ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் முடிந்தது.

மற்ற இடங்களை எங்கிருந்து நிரப்பினார்? பதில் அவரிடமே இருந்தது. ரிசர்வ் அணியிலும் இளையோர் அணியிலும் இருந்த ஒவ்வொரு பையனின் காலையும் மனத்தையும் அவர் அறிவார். யாருக்கு இடது கால் பலம், யார் கூட்டத்தைக் கண்டு மிரள்வான், யாரைத் திட்ட வேண்டும், யாரைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பல ஆண்டுகளாகத் திடலில் நின்று சேர்த்த அறிவு. ஷே பிரென்னனுக்கு அப்போது 20 வயது. அவரை இடது ஓர முன்வரிசையில் முதல் ஆட்டம் ஆடவைத்தார். ஏறக்குறைய 60,000 பேர் பார்த்த அந்த ஆட்டத்தில் பிரென்னன் இரண்டு கோல் அடித்தார். பதினெட்டு நிரம்ப இரண்டு நாள் பாக்கியிருந்த அலெக்ஸ் டாசன் மூன்றாவதை அடித்தார். 3-0.

அதற்கடுத்த சுற்றில் எதிரே வந்தது மர்ஃபி ஆடி வளர்ந்த வெஸ்ட் பிராம்விச். மறு ஆட்டத்தின் கடைசி நேரக் கோலில் அதைத் தாண்டினார்கள். அரையிறுதியில் ஃபுல்ஹாமை மறு ஆட்டத்தில் 5-3 என்று வென்றபோது டாசன் மூன்று கோல் போட்டார். மே 3 அன்று வெம்பிளி இறுதி ஆட்டத்துக்கு அணியை மைதானத்துக்குள் அழைத்துச் சென்றவர் மர்ஃபி. ஊன்றுகோலோடு வந்திருந்த பஸ்பி பார்த்துக்கொண்டிருந்தார். போல்டனிடம் 2-0 என்று தோற்றார்கள். விபத்துக்குப் பிறகு லீக்கில் அந்த அணி ஒரே ஓர் ஆட்டம்தான் வென்றது. ஆகவே இதை வெற்றிக் கதையாகச் சொல்ல நான் விரும்பவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொரு பேர் சட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள் என்பதே அவர் செய்த காரியம்.

அடுத்த மாதமே அவர் உலகக் கோப்பைக்காக வேல்ஸ் அணியோடு சுவீடனில் இருந்தார். ஹங்கேரி, மெக்சிகோ, சுவீடன் மூன்றோடும் வேல்ஸ் சமன் செய்தது. ஹங்கேரியோடு நடந்த பிளே-ஆஃபை ஐவர் ஆல்சர்ச், டெர்ரி மெட்வின் கோல்களால் 2-1 என்று வென்றது. அதில் அடிபட்ட ஜான் சார்ல்ஸ், அணியின் மிகப் பெரிய ஆட்டக்காரர், காலிறுதியில் ஆட முடியாமல் போனார். எதிரே பிரேசில். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்த வேல்ஸை ஒரே ஒரு கோல் வீழ்த்தியது. அடித்தவர் 17 வயது பெலே. உலகக் கோப்பையில் அவருடைய முதல் கோல் அது. வேல்ஸ் அடுத்து உலகக் கோப்பையில் ஆட 2022வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. பஸ்பி உடல் தேறி வந்தார். மர்ஃபி துணை மேலாளராகப் பழைய வேலைக்குத் திரும்பினார். அர்செனல் போன்ற பெரிய கிளப்கள் அழைத்தும் அவர் போகவில்லை என்கிறார்கள். வேல்ஸ் பொறுப்பை 1964வரை பார்த்தார், யுனைடெட்டின் துணை மேலாளர் வேலையை 1971வரை. இதைத் தியாகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. பையன் ஒருவன் நேற்று முடியாததை இன்று செய்யும் கணம் அவருக்குக் கிடைத்தது திடலில்தான். மேலாளர் நாற்காலியில் அது கிடைக்காது என்று அவர் அறிந்திருந்தார். தனக்குப் பிடித்த வேலை எது என்று தெரிந்து, கடைசிவரை அதைச் செய்ய முடிந்தவர் அவர்.

1968இல் வெம்பிளியில் பென்ஃபிகாவை 4-1 என்று வென்று யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. மியூனிக்கில் தப்பிய சார்ல்டனும் ஃபோல்க்ஸும் அந்த அணியில் இருந்தார்கள். பத்தாண்டுக்கு முன் வெற்றிடம் ஒன்றை நிரப்ப இறங்கிய பிரென்னனும் இருந்தார். இப்போது தற்காப்பு வரிசையில். பேரழிவு வந்த நாளில் ஒரு கிளப்பை நிற்கவைத்தது அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் யாரும் பார்க்காமல் நடந்த பயிற்சிதான் என்பதற்கு எனக்கு இந்த ஒரு பெயரே போதும். பள்ளியோ பத்திரிகையோ மருத்துவமனையோ, எதுவானாலும் இப்படித்தான். முதல் வரிசை சரியும் நாளில் அடுத்த வரிசையை ஆயத்தமாக வைத்திருப்பவர்கள் அதை முன்னமே, பாராட்டு எதிர்பாராமல், நாள்தோறும் செய்துவைத்திருக்கிறார்கள்.

மர்ஃபி 1989 நவம்பரில் இறந்தார். 2023இல் ஓல்டு டிராஃபோர்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள், வைக்க வேண்டியதுதான். ஆனால் 1990 முதல் கிளப் தன் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் அவர் பெயரில் விருது கொடுத்துவருகிறதே, அதையே நான் பெரிதாக நினைக்கிறேன். 1991இலும் 1992இலும் அதைப் பெற்றவர் ரயன் கிக்ஸ், கார்டிஃபில் பிறந்தவர். முதல் அணியின் வாசலில் நிற்கும் ஒரு பையன், மர்ஃபி யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த விருது காரணமாகிறது. பையன்களை அந்த வாசல்வரை கொண்டுவந்து விடுவதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தோன்றவில்லை.