பீப் சத்தம் கேக்காத பெட்டி

"மாப்ள, பெட்டி செத்துப்போச்சுடா. நீ என்ஜினியர்தான, வந்து பாரு."

போன ஐப்பசில ஒரு நாள் காலைல தாய்மாமாகிட்டேர்ந்து போன். பொட்டி தட்டுறவன்னா பொட்டியத் தொறந்து ரிப்பேரும் பார்ப்பான்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. நான் எழுதுறது கோடுதான், மதர்போர்டை நேர்ல பார்த்து வருஷக்கணக்கா ஆச்சுன்னு சொன்னா யார் கேக்குறா? ஆபீஸ்லயும் ஆணி கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. கிளம்பிட்டேன்.

மாமாவுக்கு ஊர் கிளாவரை. கொடைக்கானல்லேர்ந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டின்னு ஒவ்வொண்ணா தாண்டி 40 கி.மீ.க்கு மேல போகணும். அதுக்கு மேல பஸ் ரோடு கிடையாது, கேரளாப் பக்கம் போறவங்க நடந்துதான் போகணும். சுத்தி படிக்கட்டு வயல், அதுல பூண்டு. 2019-ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதே கொடைக்கானல் மலைப்பூண்டுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். முந்தின ராத்திரி நல்ல இடி. ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் மாமா படுத்திருக்கார். காலைல போட்டா ஒண்ணுமே இல்ல. லைட் இல்ல, ஃபேன் இல்ல, லேசா தீஞ்ச வாசனை மட்டும்.

"போனா போகட்டும் மாமா, பழைய பெட்டிதான?"

மாமா பதில் சொல்லல. அத்தைதான் டீயைக் குடுத்துட்டு மெதுவா சொன்னாங்க. அக்கம்பக்கத்துல கடனாக் குடுத்த விதைப்பூண்டுக் கணக்கு பூரா அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. 7 வருஷக் கணக்கு. அறுவடை முடிஞ்சு கணக்கு தீர்க்குற நேரம் வேற. போதாததுக்கு எதிர்வீட்டு பங்காளிப் பெரியப்பாவோட தகராறு. மாமா குடுத்தது 30 கிலோங்கிறார், அவர் தரவேண்டியது 20-தான்ங்கிறார். வாய்ப்பேச்சு முத்தி நாலு நாளா ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்ல. "இரு, கம்ப்யூட்டரைத் தொறந்து காட்டுறேன்"னு ஊர் பார்க்க சவால் விட்டுட்டு வந்திருக்கார் மாமா. அன்னிக்கு ராத்திரிதான் இடி!

"காப்பி ஏதும் எடுத்து வச்சீங்களா மாமா?"

"அதான் கம்ப்யூட்டர்ல இருக்கேடா."

தலைல கை வச்சுக்கிட்டேன். (எனக்கு மட்டும் பேக்கப் இருக்கான்னு நீங்க கேக்கக்கூடாது, ஹி ஹி.)

முதல்ல அந்தப் பிளக் பாயிண்ட்ல மொபைல் சார்ஜரைச் சொருகிப் பார்த்தேன். சார்ஜ் ஏறுச்சு, அப்ப கரண்ட் வருது. பவர் கார்டை மாத்தினேன், அசையல. அடுத்தது எஸ்எம்பிஎஸ். அதுலேர்ந்து மதர்போர்டுக்குப் போற 24 பின் கனெக்டரைக் கழட்டி, பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் வளைச்ச கம்பியால இணைச்சா, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸா இருந்தா ஃபேன் சுத்தணும். சுத்தல.

"தொறந்து பாரேன்டா"ன்னார் மாமா. நான் தொடமாட்டேன்னுட்டேன். நம்ம 230 வோல்ட் உள்ள போய் டிசி ஆகுறப்ப 325 வோல்ட் பக்கத்துல வரும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதுல கை வைக்கிற அளவுக்கு வீரம் எனக்கு இல்ல.

பூண்டியில ஒரு தம்பி வீட்டுல பழைய பெட்டி கிடந்துச்சு. அதோட எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கிட்டு வந்து மாட்டி, பட்டனை அமுக்கினேன். ஃபேன் ஒரு துள்ளு துள்ளிட்டு நின்னுடுச்சு. திரும்ப அமுக்கினா திரும்ப அதே துள்ளல். எங்கேயோ ஷார்ட் இருக்கு, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாத்திக்க நின்னுக்குதுன்னு அர்த்தம்.

ஒவ்வொண்ணா கழட்டினேன். டிவிடி டிரைவைக் கழட்டினேன், அதே துள்ளல். ஹார்ட் டிஸ்க்கோட பவர் ஒயரை உருவினேன். ஃபேன் ஜம்முனு சுத்துச்சு!

மாமா கை தட்டினார். எனக்கு வயித்துல புளி கரைச்சுது. எதைக் காப்பாத்தணுமோ அதுலயே ஷார்ட்.

ஃபேன் சுத்தினாலும் திரை இருட்டுதான். ராமைக் கழட்டி, காலை ரப்பரால தேய்ச்சு மாட்டினேன். ம்ஹூம். ஒட்டுமொத்தமா கழட்டிட்டுப் போட்டேன். ராம் இல்லாமப் போட்டா பெட்டி 'பீப் பீப்'னு கத்தணும். கத்தினா நல்ல செய்தி, போர்டும் பிராசசரும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். பொறந்த குழந்தை அழுறதுக்குக் காத்திருக்கிற மாதிரி ரெண்டு பேரும் காதைத் தீட்டிட்டு நின்னோம். ஒரு சத்தமும் இல்ல. குட்டி பேட்டரியைக் கழட்டி மாட்டியும் பார்த்தாச்சு. போர்டும் போச்சு.

மறுநாள் ஹார்ட் டிஸ்க்கைத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் கொடைக்கானல் பஸ் ஏறினோம். டிஸ்க்கோட பச்சை போர்டுல பவர் வர்ற இடத்துல டிவிஎஸ் டயோடுன்னு ரெண்டு சின்னக் கறுப்புத் துண்டு இருக்கும், 5 வோல்ட்டுக்கு ஒண்ணு, 12 வோல்ட்டுக்கு ஒண்ணு. வோல்டேஜ் எகிறினா அது குறுக்க விழுந்து ஷார்ட் ஆகி, தான் செத்து டிஸ்க்கைக் காப்பாத்தும்னு வழியில விளக்கிட்டு வந்தேன்.

"டிவிஎஸ்னா... டிவிஎஸ் ஃபிஃப்டியா மாப்ள?"

நாலு நாள்ல மாமா அடிச்ச முதல் ஜோக். (ஜோக்தானான்னு இன்னிக்கு வரை தெரியல.)

எனக்குத் தியரி தெரியும், சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியாது. ஒரு டிவி மெக்கானிக் அண்ணன்கிட்ட போய் நின்னேன். மல்டிமீட்டரை எடுத்து 5 வோல்ட் துண்டுல வச்சார், சத்தம் இல்ல. 12 வோல்ட் துண்டுல வச்சார். 'பீப்ப்ப்...'

பெட்டி போடாத சத்தத்தை மீட்டர் போட்டுச்சு. அண்ணன் அந்தத் துண்டை மட்டும் பக்குவமா எடுத்தார். வாங்கி வச்சிருந்த யுஎஸ்பி அடாப்டர் வழியா என் லேப்டாப்ல சொருகினேன். 'உய்ய்ங்'னு டிஸ்க் சுத்த ஆரம்பிச்சுது. மாமா கண்ணை மூடிக்கிட்டார். பாதுகாப்பு போன டிஸ்க், இன்னொரு தடவை வோல்டேஜ் எகிறினா தாங்காது. அதனால வேற எதையும் தொடாம முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுத்தேன்.

அங்கேயே எக்செல்லைத் தொறந்து பெரியப்பா பேரைத் தேடினேன். 30 கிலோன்னு இருந்துச்சு. "பார்த்தியா!"ன்னார் மாமா. அதே வரிசையில கடைசிக் கட்டத்துல, மாமாவே தமிழ்ல தட்டி வச்சிருந்தார்: '10 கிலோ திருப்பியாச்சு.'

மாமா ரொம்ப நேரம் திரையையே பார்த்துட்டு இருந்தார். பஸ்ல பூம்பாறை தாண்டுற வரைக்கும் பேச்சே இல்ல. அப்புறம், "பெட்டி நல்லா இருந்திருந்தா அன்னிக்கே ஊர் முன்னாடி தொறந்திருப்பேன்டா. வேற யாராவது அதைப் படிச்சுக் காட்டியிருந்தா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"ன்னார்.

ஊர் போய்ச் சேரும்போது இருட்டிடுச்சு, பனி இறங்கிடுச்சு. வீட்டுக்குள்ள போகாம, டார்ச்சை அடிச்சுக்கிட்டு நேரா எதிர்வீட்டுக்குப் போனார். என்ன பேசினாங்கன்னு தெரியாது. அரை மணி நேரம் கழிச்சு அந்த வீட்டுப் பெரியம்மா எனக்கும் சேர்த்து காபி குடுத்து விட்டாங்க.

டிஸ்கி: பெட்டி ஏன் போச்சுன்னு அப்புறம்தான் பார்த்தேன். ரெண்டு பின் பிளக் பாயிண்ட்ல நுழையலைன்னு ஸ்பைக் பஸ்டரோட எர்த் பின்னை யாரோ உடைச்சிருக்காங்க. எர்த் இல்லாத ஸ்பைக் பஸ்டர் பாதி வேலைகூடச் செய்யாது. இடி இடிச்சா ஸ்விட்சை ஆஃப் பண்ணினா பத்தாது, அந்தச் சின்ன இடைவெளியை மின்னல் சுலபமாத் தாண்டிடும். பிளக்கையே பிடுங்கிடுங்க. இப்ப வீட்டுக்குப் பின்னாடி குழி வெட்டி உப்பும் கரியும் போட்டு எர்த் அடிச்சாச்சு. கணக்கு ஒரு பென் டிரைவ்ல இருக்கு. கூடவே 80 பக்க நோட்டு ஒண்ணுலயும். அந்த நோட்டு இருக்கிறது எதிர்வீட்டுல!